பகலில் எரிந்த பல்புகள்

பேட்டரி கொதிக்கும் நெடி தொண்டையைச் சுரண்டும், கண்ணைக் கரிக்கும். அந்த நெடி நினைவுக்கு வரும்போதெல்லாம் என் அத்தையின் முகமும் கூடவே வரும்.

எழுபதுகளில் பெரியதாழையில் எங்கள் தெருவுக்குக் கரண்ட் வரவில்லை. தூத்துக்குடி துறைமுகத்தில் மெக்கானிக்காக இருந்த அப்பா, பழைய லாரி டைனமோ ஒன்றைக் கொண்டுவந்து, வள்ளம் கட்டும் ஆசாரியிடம் மரத்தில் இறக்கை செதுக்கி வாங்கி, கொல்லையில் தூண் நட்டு ஒரு "காத்தாடி" போட்டார். அது சார்ஜ் ஏற்றும் பேட்டரியை, உப்புக்காற்றில் முனை பூத்துவிடும் என்று அடுப்படி மூலையில் வைத்திருந்தார். கச்சான் காற்று வீசும் ஆடி மாதத்தில் பேட்டரி காலையிலேயே நிரம்பிவிடும், காற்றோ நிற்காது. "நெறஞ்ச பெறவும் ஏறுனா கொதிச்சு கேஸ் கெளம்பும், தீ பட்டா வெடிச்சிரும். மிச்சத்த எரிச்சுத்தான் தீக்கணும்" என்று சொல்லி, அதற்கென்றே முற்றத்தில் நாலு லாரி பல்புகளை மாட்டியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஊருக்கு வரும் அவர், பல்புகளுக்குப் போகும் வயரை யாரும் தொடக்கூடாது என்று அம்மாவிடம் சொல்லாமல் கிளம்பியதில்லை.

அடுத்த வீட்டில் அப்பாவின் அக்கா இருந்தாள். மாமா கடலுக்குப் போகிறவர். எங்கள் பக்கத்தில் பகலில் விளக்கெரிவது பிணத்தின் தலைமாட்டில்தான். அது போதும் அவளுக்கு, தினமும் வேலிக்கு மேலே தலையை நீட்டுவாள்.

"ஏளா, எம் புருசன் கடல்ல கெடக்கான், நீ இங்கன எழவு விளக்கா பொருத்தி வைக்க?"

அம்மா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். அத்தைக்குக் காது கேட்கும், ஆனால் ஏறாது. காற்று பேயாய் அடித்த ஒரு நாள், அம்மா தண்ணீர் எடுக்கப் போயிருந்த நேரத்தில் வந்து வயரைப் பிடுங்கிப் போட்டுவிட்டாள். குடத்தோடு திரும்பிய அம்மா எதையும் கவனிக்காமல் அடுப்படிக்குள் போய்த் தீக்குச்சியைக் கிழித்தாள். பேட்டரி வெடித்து ஆசிட் முகத்தில் அடித்தது. வலது கண் போயிற்று.

மாமா அன்று சாயங்காலம் வள்ளம் நிறைய சாளை மீனோடு கரையேறினார். எங்கள் முற்றத்தில் கூடியிருந்தவர்கள் முன்னால் அத்தை நின்று, தான்தான் பிடுங்கியதாகக் கூசாமல் சொல்லிவிட்டு, "எம் புருசன் தலைக்கு வந்தது இவ கண்ணோட போச்சு" என்று சிலுவை போட்டுக்கொண்டாள். சீ, அவளும் ஒரு மனுஷியா? கண்ணில் கட்டோடு படுத்திருந்த அம்மாவோ, "அவளுக்குப் புருசனப் பத்துன பயம்ளா, விடு" என்று என்னைத்தான் அடக்கினாள். அப்பா மறுவாரமே காத்தாடியைக் கழற்றினார்.

இன்று அந்தத் தூண் நின்ற இடம் யாருக்கும் தெரியாது. வீட்டுக்கு வீடு கரண்ட் வந்துவிட்டது, மிச்சத்தை எரித்துத் தீர்க்கும் வேலை எவருக்கும் இல்லை. அம்மாவும் போய்விட்டாள், கடைசிவரை ஒற்றைக் கண்ணால் கழுத்தைத் திருப்பிப் பார்த்து, "மைனி, சாப்பிட்டீளா?" என்று அத்தையைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அத்தை இருக்கிறாள், எண்பதைத் தாண்டி. ஊருக்குப் போனால் அவள் வாசலைக் கடந்துதான் போக வேண்டும். "ஏளா, நீயா? இங்கன வா" என்று கூப்பிடுவாள். நான் ஒரு நாளும் நின்றதில்லை.