கடைசிப் பக்கத்தில் ஒரு காலி பலூன்

புறாக்கொட்டகையைச் சுரண்டுவது ரோசெட்டின் வேலை. முப்பத்திரண்டு புறா, தினமும் காலை, ஒவ்வொரு தட்டாக. கையில் ஒரு தகட்டுச் சுரண்டி, காலடியில் வாளி, தலையில் இறுக்கிக் கட்டிய துண்டு. கல்யாணமான மறு வாரம் வலேர், "முட்டி கொஞ்சம் புடிச்சுக்கிச்சு, இன்னிக்கு மட்டும் நீ பாத்துக்கறியா" என்று கேட்டாராம். அது 1967இல். நான் சொல்கிற கோடையில் அந்த 'இன்னிக்கு மட்டும்' என்பதற்கு நாற்பத்தொரு வயது. ரோசெட்டின் வலது தோள் அதற்குள் போய்விட்டிருந்தது. இடது கையால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

அந்த நேரத்தில் வலேர் சும்மா இருந்தார் என்று சொல்ல முடியாது. காப்பிக் கோப்பையோடு முற்றத்தில் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். பந்தயப் புறா வளர்க்கிறவர்களுக்கு அதுவும் வேலைதான். எங்கள் தெருவில் அப்படி வேலை பார்த்தவர்கள் ஐந்து பேர்.

அந்த வருடம் மே மாதம் அவர்கள் மகள் காத்ரைன் கடலோர ஊரான ஆஸ்டெண்டிலிருந்து போன் செய்தாள். அவள் குடியிருக்கும் கட்டடத்தில் கீழ்த்தளம் காலியாகிறது. இரண்டு அறை, கடலைப் பார்த்த பால்கனி, படியேற வேண்டாம். ஜூன் கடைசிக்குள் சரி என்று சொன்னால் வீட்டுக்காரர் வேறு யாருக்கும் விடமாட்டார். ஒரே ஒரு நிபந்தனை, பிராணிகள் கூடாது. பூனைக்கே இடமில்லை என்றால் முப்பத்திரண்டு புறாவைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

ரோசெட் மூன்று தடவை வலேரிடம் பேச்செடுத்தாள். முதல் தடவை அவர் சூப்பை ஊதிக்கொண்டு "ம்" என்றார். இரண்டாம் தடவை, "அந்த நீல ஆண்புறாவுக்கு மூக்கு ஒழுகுது, பாத்தியா" என்றார். மூன்றாம் தடவை அவள் வாக்கியம் முடிவதற்குள் கொட்டகைக்குப் போய்விட்டார்.

"காது கேக்கலியோ என்னமோ" என்றேன் நான். வேலிக்கு இந்தப் பக்கம் நான் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தேன்.

"அவனுக்கா? ரெண்டு தெரு தள்ளி றெக்கை அடிச்சா எவன் வீட்டுப் புறான்னு சொல்லுவான். கிழவனுக்குக் காது இல்லாம இல்ல. கதவு பக்கத்துல இருக்கு, அதான் பிரச்சனை."

அன்றைக்கு மத்தியானமே அவளுக்கு அந்த யோசனை வந்துவிட்டது. வலேர் படிப்பது இரண்டுதான்: புறாப் பத்திரிகை, படக்கதை. எங்கள் பக்கத்தில் இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. மேயர் வீட்டிலும் பல் டாக்டர் வீட்டிலும் காமிக்ஸ் அடுக்கு உண்டு. கட்டிலடியில் ஒரு அடுக்கு, கழிவறையில் ஒரு அடுக்கு. எழுபதை நெருங்கும் ஆண்கள் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, உதட்டை அசைத்துப் படிப்பார்கள்.

"பேசினா எந்திரிச்சுப் போயிடறான்" என்றாள் ரோசெட். "படம் போட்டுக் குடுத்தா கடைசிப் பக்கம் வரைக்கும் வந்துதானே ஆகணும்? இதுநாள் வரைக்கும் ஒரு புஸ்தகத்தை அவன் பாதியில வெச்சதில்ல, பக்கத்து வீட்டம்மா. வீடு பத்திக்கிட்டாலும் முடிச்சிட்டுத்தான் வெளிய வருவான்."

வலேருக்கு ஜூன் இருபத்திரண்டில் எழுபது முடிகிறது. அவர் கதையையே புத்தகமாகப் போட்டுப் பரிசாகக் கொடுப்பது என்று முடிவானது. கல்யாணம், பணி ஓய்வு என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் அவரவர் கதையைப் படக்கதையாக வரைந்து அச்சடித்துத் தரும் ஒரு பெண் கெண்ட் நகரத்தில் இருந்தாள். பெயர் ஃபெம்கே. முப்பது வயது, மை பட்ட விரல்கள், எதையும் நேராகக் கேட்கிற வாய். வியாழன் சாயங்காலம் வலேர் புறாக்காரர்கள் சங்கத்துக்குப் போவார். சங்கம் என்பது ஒரு பீர்க்கடையின் பின்கட்டு. அவர் திரும்ப மூன்று மணி நேரமாகும். ஆகவே வியாழக்கிழமைகளில் ஃபெம்கே பஸ் பிடித்து எங்கள் தெருவுக்கு வந்தாள், என் அடுக்களைக்கு.

முதல் வியாழன் அவள் கொண்டுவந்த படத்தை ரோசெட் தூரமாக வைத்துப் பார்த்தாள், பிறகு கிட்டே வைத்துப் பார்த்தாள்.

"இது எந்தப் புறா?"

"உங்க வீட்டுப் புறா."

"இல்லம்மா. இது உங்க ஊர் சந்தைத் திடல்ல வறுவல் பொறுக்கித் திங்கறது. வயித்தைப் பாரு. எங்க வீட்டுது சைக்கிள் பந்தயக்காரன் மாதிரி இருக்கும், மார்பும் காலுந்தான்."

"எனக்கு எல்லாப் புறாவும் ஒரே மாதிரிதான் தெரியுது."

"அவன் முன்னால இதைச் சொல்லிடாத. சோறு இறங்காது அவனுக்கு."

அடுத்த வியாழன் ரோசெட் வேலி வழியாக வரும்போது கையில் சந்தைக்கூடை இருந்தது. மேலே வெங்காயத்தாள் மாதிரியான லீக்ஸ் தழை. கீழே ஒரு புறா. அதை என் மேசையில், கேக் தட்டுக்குப் பக்கத்தில் விட்டாள். சாம்பல் நிற ஆண், இடது இறக்கையில் ஒரே ஒரு வெள்ளை இறகு. ஃபெம்கே ஒரு மணி நேரம் வரைந்தாள். அது என் மேசை விரிப்பில் அதன் வேலையைச் செய்தது. எல்லாம் நல்லபடியாகப் போயிருக்கும், சங்கத்தில் அன்று பீர் பீப்பாய் தீர்ந்து வலேர் சீக்கிரம் திரும்பாமல் இருந்திருந்தால்.

அவர் கொட்டகையில் எண்ணுவது எங்களுக்குக் கேட்டது. முப்பத்தொன்று. மறுபடி எண்ணினார். முப்பத்தொன்று.

"ரோசெட், வெள்ளை இறகைக் காணோம். பருந்து தூக்கிருச்சு."

ரோசெட் தழையைப் புறா மேல் போட்டு மூடினாள். தெருவில் இருந்த மற்ற நான்கு புறாக்காரர்களும் வந்து, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, வலேரோடு நின்று வானத்தைப் பார்த்தார்கள். ஒருவர் பருந்தின் தாயைத் திட்டினார். அந்தத் துக்கக் கூட்டத்துக்குப் பின்பக்கமாக ரோசெட் கூடையோடு குனிந்து போய்ப் புறாவைக் கூரைமேல் விட்டாள். அது நடந்தே உள்ளே போயிற்று.

வலேர் கண் கலங்கிவிட்டார். "பாத்தீங்களா. பருந்துகிட்ட இருந்து தப்பி வந்திருக்கான். உடம்புல ஒரு கீறல் இல்ல." மறு வாரமே வெள்ளை இறகைப் பெரிய பந்தயத்துக்கு அனுப்பினார். கடைசிக்கு முந்தின இடம். "அந்த அதிர்ச்சி இன்னும் போகல" என்று அவரே அதற்குச் சமாதானமும் சொன்னார்.

கதைக்கு விஷயம் சேர்க்க ஃபெம்கே கேள்விகள் கேட்டாள். புறா ஏன் வீட்டுக்குத் திரும்பி வருகிறது என்று கேட்டாள்.

"பொண்டாட்டிக்காக" என்றாள் ரோசெட். "வாரம் பூரா ஆணையும் பெட்டையையும் பிரிச்சு வெப்போம். கூடையில ஏத்தறதுக்கு முன்னால அஞ்சு நிமிஷம் பெட்டையைக் காட்டுவோம். காட்டிட்டு எடுத்துடுவோம். அந்த நெனப்புலயே பறந்து வந்துடும்."

"கொடுமையா இருக்கே."

"நல்லா வேலை செய்யுது. எங்க வீட்டுல சூப்பைக் காட்டுவேன், அவ்வளவுதான் வித்தியாசம்."

மூன்றாவது வியாழன் ஃபெம்கே, ரோசெட் கொடுத்த போட்டோக்களை மேசையில் பரப்பினாள். எழுபது, எண்பது இருக்கும். வலேரும் புறாவும், வலேரும் பரிசுக் கோப்பையும், புறாவும் பரிசுக் கோப்பையும்.

"நீங்க எங்க?"

ரோசெட் தேடினாள். ஒன்றில் அவள் முழங்கை இருந்தது, காப்பித் தட்டோடு. இன்னொன்றில் புல்தரையில் படம் எடுக்கிறவளின் நிழல். "இதோ" என்று நிழலைக் காட்டினாள். "அப்ப நல்ல இடுப்பு எனக்கு."

"சரி, புஸ்தகத்துல உங்களை எப்படிப் போடட்டும்? என்ன பண்ணிட்டு இருக்கீங்க?"

ரோசெட் அந்த நிழல் படத்தை மறுபடி கையில் எடுத்துப் பார்த்தாள். நான் காப்பி ஊற்றி முடித்தேன், பால் ஊற்றி முடித்தேன்.

"துணி காயப்போடற மாதிரி போடு. வெளிய, கொடியில. படுக்கை விரிப்பு. ஞாயித்துக்கிழமை."

ஃபெம்கே அப்படியே எழுதிக்கொண்டாள். நகரத்துப் பெண். எனக்குத்தான் கை நின்றுவிட்டது. எங்கள் தெருவில் பந்தய நாளில் எதுவும் படபடக்கக் கூடாது. நானூறு கிலோமீட்டர் பறந்து வருகிற புறா, கொடியில் ஆடும் விரிப்பைப் பார்த்து மிரண்டு கூரையிலேயே உட்கார்ந்துவிட்டால், கொட்டகைக்குள் நுழைந்து நேரம் பதிவாகாது. ஒரு நிமிஷத்தில் பரிசு போய்விடும். புதிதாகக் குடிவந்த ஒரு ஜோடி ஒரு ஞாயிற்றுக்கிழமை சிவப்பு விரிப்பைக் காயப்போட்டது. ஐந்து பேரும் அவர்கள் வாசலில் போய் நின்றார்கள். விரிப்பு உள்ளே போகும்வரை நின்றார்கள். நாற்பத்தொரு வருடமாக ரோசெட் ஞாயிற்றுக்கிழமைத் துணியை மச்சுக்கு ஏற்றித்தான் காயவைத்தாள், பதினாறு படி, நனைந்த துணியோடு.

கடைசிப் பக்கம் ஆஸ்டெண்ட். பால்கனி, கடல், கொடி நிறைய விரிப்பு, காற்று. ரோசெட் வாயில் இரண்டு கிளிப்போடு திரும்பிப் பார்த்து, "வர்றியா?" என்கிறாள். எதிரே நாற்காலியில் வலேர். அவர் தலைக்கு மேல் பேச்சு எழுதுகிற பலூன்.

"இதுல என்ன எழுதட்டும்? 'வர்றேன்'னு போட்டுடவா?" என்றாள் ஃபெம்கே.

"வேணாம். காலியா விடு" என்றாள் ரோசெட். "அவன் வாயில நான் வார்த்தை வெக்க முடியாது. வெச்சா துப்பிடுவான்."

பிறந்தநாள் ஞாயிற்றுக்கிழமை வந்தது, பந்தய நாள். ஆறே முக்காலுக்குப் பிரான்சில், லாரியில் கொண்டுபோன புறாக்களைத் திறந்துவிட்டதாக வானொலியில் சொன்னார்கள். பகல் பன்னிரண்டரை வாக்கில் வந்துசேரும். பத்தரைக்கு நான் தட்டளவு பெரிய அரிசிப் பணியாரம் ஒன்றை எடுத்துக்கொண்டு போனேன். காத்ரைன் முதல் ரயிலில் வந்திருந்தாள். உள்ளே துணி துவைக்கும் மெஷின் சுற்றிக்கொண்டிருந்தது. விருந்தாளி வந்திருக்கும்போது என்ன துவையல் என்று நினைத்தேன், அதற்குமேல் நினைக்கவில்லை.

வலேர் காகிதத்தைப் பிரித்தார். அட்டையில் அவரே தொப்பியோடு வானத்தைப் பார்த்து நின்றார். அட்டையைத் தடவினார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். அவ்வளவுதான், அதன்பின் அவர் எங்களோடு இல்லை.

"மூக்கு பெரிசு" என்றார் மூன்றாம் பக்கத்தில்.

"போட்டோ பாத்து வரைஞ்சது பா" என்றாள் காத்ரைன்.

ஏழாம் பக்கத்தில் புறாவின் இறக்கைமேல் விரலை வைத்து எண்ணினார். "பத்து இறகு. சரியா இருக்கு. யார் வரைஞ்சது?" அவர் வாயிலிருந்து அதைவிடப் பெரிய பாராட்டு வந்து நான் கேட்டதில்லை.

பன்னிரண்டாம் பக்கத்தில் நிறுத்தினார். அங்கே என் அடுக்களை இருந்தது, என் மேசை விரிப்பு இருந்தது, கேக் தட்டின் பக்கத்தில் வெள்ளை இறகு நின்றது. அடுத்த கட்டத்தில் ஐந்து பேர் தொப்பியும் கையுமாக வானத்தைப் பார்த்து நின்றார்கள். வலேர் மெதுவாகத் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

"பருந்து நீங்கதானா?"

"கேக் குடுத்தோம் அதுக்கு" என்றேன்.

"அதான் பந்தயத்துல நகரல." மறுபடி குனிந்துகொண்டார். தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று தெரிய எங்களுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

பதினேழாம் பக்கத்தில் சிரிப்பு நின்றது. "இது தப்பு. நம்ம முற்றம். பந்தய நாளு, இதோ ஆண் இறங்கறான், கொடியில விரிப்பு. இந்த வீட்டுல இது நடந்ததே இல்ல. அந்தப் பொண்ணுக்குத் தெரியல."

"நான்தான் போடச் சொன்னேன்" என்றாள் ரோசெட். அவள் பணியாரத்தைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தாள், இடது கையால், கோணல் மாணலாக.

"நடக்காததை எதுக்குப் போடச் சொன்னே?"

"படி. இன்னும் இருக்கு."

படித்தார். மெஷின் கடகடவென்று பிழிந்து நின்றது. ரோசெட் எழுந்து போய்த் துணியைக் கூடையில் எடுத்துக்கொண்டு வந்து, கதவோரம் வைத்துவிட்டு, மறுபடி உட்கார்ந்தாள். வலேர் இருபத்துநாலாம் பக்கத்துக்கு வந்திருந்தார். அந்தப் பக்கத்தில் படிக்க ஒரே ஒரு வார்த்தைதான், ஆனாலும் ரொம்ப நேரம் படித்தார். விரல் அவர் தலைக்கு மேலிருந்த காலி பலூனில் நின்றது.

ரோசெட் ஒரு பேனாவை மூடி கழற்றி அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"வீட்டுக்காரர் அடுத்த வாரம் திங்கக்கிழமை வரைக்குந்தான் பொறுப்பார் பா" என்றாள் காத்ரைன்.

வலேர் கதவைப் பார்த்தார். வழக்கமாக அவர் எழுகிற நேரம் அது. எழவில்லை. பேனாவை எடுத்தார், நுனியைப் பார்த்தார், புத்தகத்தின் மேல் கொண்டுபோனார், நிறுத்தினார்.

"முப்பத்திரண்டையும் யாருக்குக் குடுக்கறது?"

"கேட்டா அஞ்சு பேரு வருவாங்க" என்றாள் ரோசெட். "நாலு பேரு இந்தத் தெருவுலயே."

"அவனுங்களா. வெள்ளை இறகைக் கேக் போட்டே கெடுத்துடுவானுங்க." பேனாவை மேசையில் உருட்டினார். முற்றத்தில், புறா நுழையும் நேரத்தைப் பதிகிற கடிகாரப் பெட்டி பச்சை விளக்கோடு காத்திருந்தது. பதினொன்றே முக்கால். இன்னும் முக்கால் மணி நேரத்தில் வானத்தில் புள்ளிகள் தெரியும். அவர் ரோசெட்டைப் பார்த்தார். ஏதோ பந்தய முடிவைக் கேட்கிற மாதிரி, சாதாரணமாகத்தான் கேட்டார்.

"மாட்டேன்னு எழுதினா நீ என்ன பண்ணுவே?"

ரோசெட் எழுந்தாள். சன்னல் திட்டிலிருந்து இரண்டு கிளிப்பை எடுத்து வாயில் கவ்விக்கொண்டாள். ஈர விரிப்புகள் நிறைந்த கூடையை இடுப்பில் இடுக்கி, மச்சுப்படியைத் தாண்டி, முற்றத்துக் கதவைத் திறந்து வெளியே போனாள்.