நான் போட்ட ‘இல்லை’

காப்பீட்டு நிறுவனத்தின் கடிதத்தோடு ஒரு படிவத்தின் நகல் இணைக்கப்பட்டிருந்தது. அதில் ஒரு சின்ன டிக்கைச் சுற்றி யாரோ சிவப்பு மையால் வட்டம் போட்டிருந்தார்கள். ‘கல்லீரல் நோய், தொற்று நோய் ஏதேனும் உண்டா?’ என்ற கேள்விக்கு நேரே, ‘இல்லை’ என்ற கட்டத்தில் இருந்தது அந்த டிக். கீழே இருந்த கையெழுத்து கணக்கு டீச்சருடையது. டிக் என்னுடையது.

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற சாலையில் ஒரு தனியார் பள்ளியில் நான் எழுத்தர். ஜூன் மாதம் ஆசிரியர்கள் எல்லோருக்குமான மருத்துவக் காப்பீட்டுப் படிவங்கள் கட்டாக வரும். ஒவ்வொருவரையும் கூப்பிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தால் அட்மிஷன் வேலையை யார் பார்ப்பது? நானே உட்கார்ந்து எல்லோருக்கும் மேலிருந்து கீழ்வரை ‘இல்லை’ போட்டுவிடுவேன். இடைவேளையில் வந்து, டீ ஆறுவதற்குள் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். இதற்காக எனக்குக் கெட்டிக்காரன் என்ற பெயர் வேறு.

கணக்கு டீச்சர் திருச்சுழியிலிருந்து பஸ்ஸில் வருவார். சிறுவயதில் ஒரு விபத்தின்போது ஏற்றிய ரத்தத்தோடு, கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி கிருமி அவர் உடம்புக்குள் வந்திருந்தது. குழந்தைக்காக மதுரையில் பரிசோதனை செய்தபோதுதான் அது தெரிந்தது. முதலில் மாத்திரையால் கிருமியை ஒழிக்க வேண்டும், பிறகுதான் கருத்தரிப்புச் சிகிச்சை என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். அவர் அந்த மாத்திரையைச் சாப்பிட்டுக்கொண்டிருந்த நாட்களில்தான் நான் அந்த டிக்கைப் போட்டிருக்கிறேன்.

கிருமி போய்விட்டது என்று ரிப்போர்ட் வந்ததும், கருத்தரிப்புச் சிகிச்சைக்குக் கைக்காசு போட வசதியில்லாததால் காப்பீட்டுக்கு விண்ணப்பித்தார். எங்கள் திட்டத்தில் அந்தச் சிகிச்சைக்கு ஒரே ஒரு முறை அனுமதி உண்டு, அதுவும் நாற்பது வயது நிறைவதற்குள். டீச்சருக்கு நாற்பது நிறைவதற்கு ஒரு மாதம்தான் இருந்தது. அப்போது வந்ததுதான் இந்தக் கடிதம்: நோயை மறைத்ததால் அனுமதி இல்லை, விளக்கம் இருந்தால் தரலாம்.

விளக்கம் என்னிடம்தான் இருந்தது. அவரைக் கேட்காமல் நானே குறித்தேன் என்று ஒரு வரி எழுதினால் போதும். பள்ளித் தாளாளரிடம் போய்ச் சொன்னேன்.

“ஏய்யா, அப்படி எழுதிக் குடுத்தா மத்தவுக ஃபாரமெல்லாம் சந்தேகத்துல வந்துரும். கையெழுத்துப் போட்டது டீச்சருதான? நீ பேசாம இரு.”

என் வேலையும் அதில் அடங்கியிருக்கிறது என்று அவர் சொல்லவில்லை. சொல்லாமலே எனக்குப் புரிந்தது. பேசாமல் இருந்துவிட்டேன்.

ஒவ்வொரு இடைவேளையிலும் டீச்சர் என் மேசைக்கு எதிரே வந்து நிற்பார். பழைய ஃபைலைத் தேடிக்கொண்டிருக்கிறேன், கிடைத்ததும் பதில் எழுதிவிடலாம் என்பேன். அவர் ஒரு வார்த்தை கடிந்து பேசியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தித் தப்பித்திருப்பேன். அவரோ சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார். நான்காம் நாள் வெட்கம் கெட்டுப்போய்ப் பழியை அவர் பக்கமே தள்ளப் பார்த்தேன். நோய் இருப்பதைக் கையெழுத்துப் போடும்போதே சொல்லியிருக்கலாமே டீச்சர் என்றேன்.

“கேட்டிருந்தா சொல்லியிருப்பேன் சார். கல்யாணமாகிப் பன்னெண்டு வருசமா, பாக்கிறவுக எல்லாரும் விசேஷம் உண்டான்னு கேட்டாக. உடம்பு எப்படி இருக்குன்னு ஒருத்தரும் கேக்கல.”

அவர் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு எழுதினேன். குறித்தது நான், டீச்சர் எதையும் மறைக்கவில்லை. தாளாளரிடம் சொல்லாமல் மதியப் பஸ்ஸில் மதுரைக்குப் போய், காப்பீட்டு அலுவலகத்தில் கையில் கொடுத்து முத்திரையும் வாங்கினேன். தும்பை விட்டு வாலைப் பிடித்த கதைதான்.

விளக்கத்தை ஏற்றுக்கொள்கிறோம் என்று பதில் வந்தது. ஆனால் முடிவெடுத்த தேதியில் வயது வரம்பு கடந்துவிட்டதாம். தேதியைக் கணக்குப் பார்த்தேன். மூன்று நாள்.

டீச்சர் அதை இரண்டு முறை படித்தார். “மூணு நாளுதான சார். நீங்க இம்புட்டு அலைஞ்சும் இப்பிடி ஆயிருச்சே,” என்று என்னைத் தேற்றினார். மணி அடித்ததும் எட்டாம் வகுப்புக்குப் போய்விட்டார்.

என் வேலை போகவில்லை. தாளாளர் ஒரு மாதம் முகங்கொடுத்துப் பேசவில்லை, அவ்வளவுதான். டீச்சரும் இதே பள்ளியில்தான் இருக்கிறார், குழந்தை இல்லை. ஜூன் வந்தால் இப்போது ஒவ்வொருவரையும் தனியாக உட்காரவைத்து, ஒவ்வொரு கேள்வியையும் கேட்டே எழுதுகிறேன். அவரும் எதிரே உட்கார்ந்து பொறுமையாகப் பதில் சொல்வார். அந்த நான்கு நாளும் நான் எந்த ஃபைலையும் தேடவில்லை என்பதை இன்னும் அவரிடம் சொல்லவில்லை.