நிற்குமா, நிற்காதா

பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் எங்கள் கல்லூரியில் வாத்தியார்கள் எல்லோரும் தரகர்களாகிவிடுவோம். வேனில் ஏற்றி ஊர் ஊராக அனுப்புவார்கள். ஆள் பிடித்துக்கொண்டு வரவேண்டும். இல்லாவிட்டால் அடுத்த வருஷம் வேலை கிடையாது. நான் நடத்துவது கணிப்பியல் கோட்பாடு. கம்ப்யூட்டரால் எதைச் செய்ய முடியும், எதை ஒருகாலும் செய்ய முடியாது என்று சொல்கிற பாடம். ஆசைப்பட்டுப் படித்தேன். இப்போது முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வீட்டு வாசல்களில் நோட்டீஸ் நீட்டுகிறேன். நாய் வேஷம் போட்டால் குரைத்துத்தானே ஆகவேண்டும்.

ஒரு வருஷம் கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போனோம். களத்தில் மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, காய்ந்துகொண்டிருந்தது. வீட்டுக்காரர் சேர் போட்டு, மோர் கொடுத்தார். மகள் கதவோரம் நின்றாள். நர்சிங் படிக்கணும்னு ஒத்தைக்காலில் நிற்கிறாள், இடமும் கிடைத்துவிடும் போலிருக்கிறது என்றார். என்னோடு வந்த சீனியர் விடுவாரா? கம்ப்யூட்டர் படித்தால் ஏ.சி. ரூம், சென்னை, பெங்களூர் என்று அளந்து தள்ளினார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அந்த மனுஷர் என் பக்கம் திரும்பினார்.

"நீங்க சொல்லுங்கம்மா. படிச்சு முடிச்சா வேலை கெடைச்சிடுங்களா?"

எனக்கு அன்றைக்கு என்ன வந்ததோ, பொய் சொல்ல வாய் வரவில்லை.

"தெரியாதுங்க. முன்னாடியே யாராலயும் சொல்ல முடியாது."

அவர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். வேனில் சீனியர் பிடித்துக்கொண்டார். உன் வாயில் சனி உட்கார்ந்திருக்கிறது என்று வேங்கிக்கால் வரும்வரை திட்டித் தீர்த்தார். திட்டட்டும், ஒரு பெண்ணாவது தப்பித்தாள் என்று எனக்கு உள்ளுக்குள் நிம்மதி.

அடுத்த வாரம் அப்பாவும் மகளும் கல்லூரி ஆபீசில் வந்து நின்றார்கள். அவர் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். உண்மை பேசினால் மதிக்கிற ஆளும் இருக்கிறாரே என்று நான் பூரித்துப்போனேன். பூரிப்பாம் பூரிப்பு!

அவள் தமிழ் மீடியத்தில் படித்தவள். முதல் வருஷம் முழுக்க இங்கிலீஷ் புத்தகத்தை வெறித்துப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அரியர் சேர்ந்துகொண்டே போயிற்று. எங்களிடம் முடித்தவர்களில் பாதிப்பேர் ஃபேக்டரி பஸ் ஏறி ஷிப்ட்டுக்குப் போகிறார்கள். மீதிப்பேர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் செல்போன் கடைகளில் நிற்கிறார்கள். இவளோடு பள்ளியில் படித்த பெண் ஒருத்தி நர்சிங் சேர்ந்து, இப்போது யூனிஃபார்மோடு ஆஸ்பத்திரிக்குப் பயிற்சிக்குப் போகிறாளாம். பஸ்ஸில் அவளைப் பார்த்தால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன் மேடம் என்று இவளே ஒருநாள் என்னிடம் சொன்னாள்.

இந்த வருஷம் என் வகுப்புக்கு வந்துவிட்டாள். பாதி பெஞ்சு காலி. எனக்குப் பிடித்த பாடத்தை அன்றைக்குத் தமிழிலேயே நடத்தினேன். ஒரு புரோகிராமைக் கையில் கொடுத்து, இது ஓடி முடிந்து நிற்குமா, நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்குமா என்று கேட்கிறார்கள். எந்தப் புரோகிராமைக் கொடுத்தாலும் முன்கூட்டியே சரியாகச் சொல்லிவிடுகிற வழி ஒன்று உண்டா? கிடையாது. யாராலும் உண்டாக்கவும் முடியாது. ஓட்டிப் பார்க்கலாம். நின்றுவிட்டால் தெரிந்துவிடும். நிற்காவிட்டால், இன்னும் கொஞ்சம் பொறுத்தால் நிற்குமோ என்று காத்துக்கொண்டே கிடக்கவேண்டியதுதான்.

அவள் எழுந்தாள். மூன்று வருஷத்தில் முதல் தடவையாக அவள் முகத்தில் ஒன்று புரிந்த தெளிவைப் பார்த்தேன்.

"மேடம், அன்னிக்கு எங்கப்பாகிட்ட சொன்னீங்களே, அது இந்த மாதிரிதானா? நெஜமாவே உங்களுக்குத் தெரியாதா?"

ஆமாம்மா என்றேன்.

"நீங்க போனதும் எங்கப்பா, நெறகொடம் தளும்பாதுன்னாரு மேடம். நல்ல காலேஜு, அதான் பீத்திக்காம பேசுறாங்கன்னு சொல்லி, நர்சிங் வேணாம்னுட்டாரு."

அவள் குற்றமாகச் சொல்லவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழவேண்டும் போலிருந்தது. அன்றைக்கு நானும் சீனியர் மாதிரி வாய்கூசாமல் அளந்திருந்தால், பத்தோடு பதினொன்று என்று எங்களைத் துரத்திவிட்டு அவளை நர்சிங்கில் சேர்த்திருப்பார்.

சாக்பீஸோடு போர்டு பக்கம் திரும்பி நின்றேன். பின்னால் அவள் நோட்டுத் தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"இது பரீட்சைக்கு வருமா மேடம்?"

வரும் என்றேன். அதை மட்டும்தான் என்னால் அவளுக்கு முன்கூட்டியே சொல்ல முடிந்தது.