கழுத்துப் பலகை

போன சனிக்கிழமை கனடாவில், மார்க்கம் நகரில் ஒரு பிறந்தநாள் விழா. பின்வளவில் பிள்ளைகள் வாளித் தண்ணீரில் ஸ்பொஞ்சை நனைத்து ஆளுக்காள் எறிந்து விளையாடினார்கள். ஒன்று குறி தவறி என் கழுத்தில் சப்பென்று விழுந்தது. அந்த ஊறின தண்ணீர் நாற்றம் மூக்கில் ஏறியதும் கையிலிருந்த கட்லட்டை வைத்துவிட்டேன்.

பக்கத்தில் நின்ற நிலா விழுந்து விழுந்து சிரித்தாள். என் பழைய முதலாளியின் மகள் அவள். இங்கிலாந்தில் பிறந்தவள், கலியாணம் கட்டி இங்கே வந்திருக்கிறாள்.

"அண்ணா, அந்த ஃபேர் ஞாபகம் இருக்கோ? நீங்க பலகைக்குள்ள நிண்டது? ஓ மை கோட், யூ வேர் சோ ஃபன்னி! என்ர சைல்ட்ஹுட்டில பெஸ்ட் டே அது."

"ஓம் பிள்ளை" என்றேன். அவளுக்கு அப்போது ஏழு வயது. அவளிடம் சொல்ல முடியாததை உங்களிடம் சொல்லலாம்.

அப்போது நான் இங்கிலாந்தில், கடலைப் பார்த்தபடி இருந்த ஒரு சின்னக் கிராமத்தில், நிலாவின் அப்பாவுடைய கடையில் வேலை செய்தேன். விசா இல்லை. கடைக்கு மேலே, சிப்ஸ் பெட்டிகள் அடுக்கிய அறையில் படுக்கை. கனவிலும் வினாகிரி மணக்கும். கோடை வந்தால் வெள்ளைக்காரக் குடும்பங்கள் கரவன் என்ற சக்கர வீடுகளை இழுத்துக்கொண்டு வந்து, முதுகு சிவக்கச் சிவக்க மணலில் கிடப்பார்கள். பிள்ளைகள் காசு கொடுத்துக் கழுதையில் ஏறுவார்கள். எங்கள் பக்கத்தில் கழுதையில் ஏற்றுவது தண்டனை, இங்கே விடுமுறை.

ஓகஸ்ட் கடைசியில் தேவாலயத்துப் புல்வெளியில் ஊர்த் திருவிழா நடக்கும். காலில் சலங்கை கட்டிய கிழவர்கள் தடியோடு தடி அடித்து ஆடுவார்கள். கோலாட்டம்தான், ஆனால் பியர் வயிற்றோடு. நடுவில் ஒரு மரப்பலகை நிற்கும். கழுத்துக்கு ஒரு ஓட்டை, கைகளுக்கு இரண்டு. முந்தைய காலத்தில் கள்ளரை அதில் மாட்டி அழுகல் முட்டையால் எறிந்தார்களாம். இப்போது ஊரில் தெரிந்த முகம் ஒன்றை மாட்டி, ஈர ஸ்பொஞ்சால் எறிந்து, தேவாலயக் கூரைக்குக் காசு சேர்ப்பார்கள். அந்த வருடம் முதலாளியைக் கேட்டார்கள். பெருமையாக ஓம் என்றவர், அன்று மத்தியானம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"எனக்கு நாரி நோகுது. நீ போய் நில். வெள்ளைக்காரருக்கு நீயும் நானும் ஒண்டுதான்."

அவர் சொன்னது உண்மைதான். ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

ஊர்ச்சனம் நல்ல சனம். நாள்தோறும் பேப்பர் வாங்க வரும் கிழவி, "சொறி, மை லவ்" என்று சொல்லி வேண்டுமென்றே பக்கத்தில் எறிந்தாள். நாரி நொந்த முதலாளி மட்டும் ஸ்பொஞ்சைப் பிழியாமல், தண்ணீர்ப் பாரத்தோடு, என் மூக்கைக் குறி பார்த்தார். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். கழுத்து பலகைக்குள் இருக்கும்போது வேறு என்ன செய்வது?

பிறகு நிலாவின் முறை. எட்ட நின்றால் படாது என்று என் முகத்துக்குக் கிட்ட வந்தாள். காதுக்குள் ரகசியம் சொன்னாள்.

"அண்ணா, உங்கட அம்மா செத்துப் போனாவாம். காலமை ஃபோன் வந்தது. அப்பா கடை பூட்டினாப் பிறகுதான் சொல்லுவார். நீங்க தெரியாத மாதிரி இருக்கோணும், ஓகே?"

சொல்லிவிட்டு ஸ்பொஞ்சால் என் நெற்றியில் அடித்தாள். சனம் ஆர்ப்பரித்தது.

"கழட்டுங்கோ! கழட்டுங்கோ!" என்று கத்தினேன். வாயில் தமிழ் மட்டுமே வந்தது. கையை இழுத்தேன், தலையை உலுப்பினேன். அருமையாக நடிக்கிறேன் என்று நினைத்து இன்னும் பலமாகக் கைதட்டினார்கள். அங்கே தமிழ் விளங்கிய பெரிய மனிதர் ஒருவர்தான் நின்றார். அவர் வாளியிலிருந்து ஒரு ஸ்பொஞ்சை எடுத்து அடுத்த ஆளிடம் கொடுத்தார்.

கடைசியில் பாதிரியார்தான் கழற்றிவிட்டார். கடைவரைக்கும் முதலாளியின் பின்னால் ஓடினேன்.

"ஆர் அண்ணை எடுத்தது?"

"கொக்கா. கிளிநொச்சியில ஒரு கடையிலயிருந்து. இண்டைக்கு வருசத்திலயே பெரிய யாவாரம். உனக்குச் சொன்னா நீ அழுதுகொண்டு கிடப்பாய், கடையை ஆர் பாக்கிறது?"

"அக்காவோ? என்ன சொன்னவ?"

"கனக்கக் கதைச்சவ. கடை முட்டச் சனம். நான் ஓம் ஓம் எண்டுபோட்டு வைச்சிட்டன்."

நனைந்த சட்டையோடு கடை பூட்டும்வரை ஐஸ்கிரீம் விற்றேன். அழைப்பு வந்த இலக்கத்துக்கு இரவு எடுத்துப் பார்த்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசிச் சண்டை அப்போது கிளிநொச்சியை நெருங்கிக்கொண்டிருந்தது. கொஞ்ச நாளில் அந்தக் கடையும் இல்லை, ஊரும் இல்லை. அக்காவிடமிருந்து பிறகு ஒரு அழைப்பும் வரவில்லை. முள்ளிவாய்க்காலுக்குப் பிறகு நான் விசாரிக்காத ஆளில்லை, அக்காவின் படம் அனுப்பாத இடமில்லை.

நிலா கேக் கொண்டுவந்து தந்தாள். அந்தக் கிராமத்தில் இப்போது பலகையை எடுத்துவிட்டார்களாம். ஆட்களை அப்படி மாட்டுவது கொடுமை என்று யாரோ எழுதிப் போட்டார்களாம். கடையிருந்த இடம் விடுமுறைக்கு வாடகைக்கு விடும் வீடாம்.

"அப்பா சாகுமட்டும் உங்களைப் பற்றித்தான் சொல்லிச் சிரிப்பார், அண்ணா."

அம்மாவுக்கு என்ன நடந்தது, கடைசியாக யாரைக் கேட்டார், எங்கே எரித்தார்கள், தான் இனி எந்தப் பக்கம் போகப்போகிறாள் என்றெல்லாம் அக்கா அன்றைக்குச் சொல்லியிருப்பாள். கேட்ட காது போன மார்கழியில் இங்கிலாந்தில் எரிந்து போயிற்று.