எட்டு வருடம் பிந்திய கலியாணச் சாப்பாடு

1984இல் மன்னாரில் றோஸ்மலருக்கும் சூசைதாசனுக்கும் கலியாணம் நடந்தபோது ஊரடங்கு. பாதருக்கும் வந்த நாலு பேருக்கும் பால் விடாத பிளேன்ரீயும் பிஸ்கட்டும் கொடுத்ததோடு விருந்து முடிந்தது. இரண்டு வருடத்தில் அவள் லண்டன் வந்துவிட்டாள். அவரோ சென்னையில் விசாவுக்கு அலைந்து, 1992 மே மாதம்தான் ஹீத்ரோவில் இறங்கினார்.

ஆறு வருடமும் அவள் டூட்டிங்கில் ஓர் அறையில் இருந்துகொண்டு, புல்ஹமில் ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதிக்கு வேலைக்குப் போய்வந்தாள். பஸ் பட்னி பாலத்தில் ஏறும்போதெல்லாம் தேம்ஸ் கரையில் ஓர் இத்தாலியன் சாப்பாட்டுக்கடை தெரியும். கண்ணாடிக்குப் பின்னால் சோடி சோடியாக இருந்து மீன் சாப்பிடுவார்கள். அவர் வந்தால் முதலில் இங்கேதான் என்று அவள் எப்போதோ முடிவெடுத்திருந்தாள்.

ஆனால் வந்தவர் அறைக்குள் விருந்தாளிபோல் நடந்துகொண்டார். தண்ணீர் குடிக்கக்கூடக் கேட்டுவிட்டுத்தான் குடித்தார். அவளுக்கும் அவரோடு என்ன பேசுவதென்று தெரியவில்லை.

அவர் வந்த இரண்டாம் கிழமை, சனிக்கிழமை மத்தியானம் அவரைக் கூட்டிக்கொண்டு அந்தக் கடைக்குப் போனாள். முதலாளி சல்வத்தோறே ஆற்றைப் பார்த்த மேசையில் இருத்தினார். சமையல் அவருடைய மனைவி அசுந்தா, பரிமாறுவது மகள்.

மெனுவைப் புரட்டிய சூசைதாசன் குரலைத் தாழ்த்தினார். “றோஸ், எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. நீரே சொல்லும்.”

“எனக்கு மட்டும் விளங்குதே? நண்டு எண்ட சொல் தெரியும். அது காணும், அதையே சொல்லுவம்.”

ஓட்டோடு நண்டு வந்தது, அடியில் நூல்நூலாக ஸ்பகற்றி. சூசைதாசன் முள்ளுக்கரண்டியால் ஒரு காலை அழுத்தினார். அது துள்ளிப் பறந்து, பக்கத்து மேசை வெள்ளைக்காரக் கிழவரின் சூப்புக்குள் விழுந்தது.

றோஸ்மலருக்கு உயிர் போய்விட்டது. கிழவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, நண்டுக்காலை வெளியே எடுத்து, “மிக்க நன்றி, நான் நண்டு சொல்ல மறந்துபோனேன்” என்றார்.

ஓடிவந்த சல்வத்தோறே, இன்றைக்கு ஏதும் விசேஷமா என்று கேட்டார். பதறிப்போயிருந்த றோஸ்மலர் உண்மையையே சொல்லிவிட்டாள்: “இது எங்களுடைய கலியாணச் சாப்பாடு. எட்டு வருடம் பிந்திவிட்டது.”

சல்வத்தோறே குசினியைப் பார்த்து இத்தாலியனில் கத்தினார். அசுந்தா கையைத் துடைத்தபடி வந்து, றோஸ்மலரின் இரண்டு கன்னத்திலும் கொஞ்சினாள். பிறகு கத்தியையும் முள்ளுக்கரண்டியையும் மேசையிலிருந்து அள்ளிக்கொண்டு, “நண்டுக்குக் கைதான்” என்றாள். மகள், போன மாதம் தன் கலியாணத்தில் மிஞ்சிய சீனி பூசிய பாதாம்பருப்புப் பொட்டலம் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தாள். கடை முழுக்கக் கை தட்டியது.

சூசைதாசன் சட்டைக்கையை மடித்தார். ஒரு காலைப் பல்லால் உடைத்து, சதையை முழுசாக இழுத்து அவள் வாயருகே நீட்டினார்.

“இந்தாரும், கலியாணப் பொம்பிளை.”

“ஐயோ, ஆக்கள் பாக்கினம்!”

“பாக்கட்டும். எட்டு வருசமாக் காத்திருந்தனான்.”

அவள் வாயைத் திறந்தாள். சிரித்ததில் நண்டுச் சதையில் பாதி சேலையில் சிந்தியது. அவரும் தோள் குலுங்கச் சிரித்தார்.

வெளியே வந்து பாலத்தடியில் நின்றபோது அவளுடைய பஸ் வந்தது. இருவரும் ஏறவில்லை. அடுத்ததையும் போகவிட்டார்கள்.