பதினேழாம் டியூப்

இது ராத்திரியில் நடந்ததல்ல. மத்தியானம் மூன்றே முக்காலுக்கு நடந்தது. பேய்க்கு இருட்டும் நாய் ஊளையும் வேண்டும் என்பவர்கள் இதை நம்ப வேண்டியதில்லை. ஆனால் நேரங்கள் எல்லாம் சரி. என் கையால் நானே எழுதியவை. அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. இரண்டு முறை கிழிக்கப் போய், கை வராமல் மடித்து வைத்துவிட்டேன்.

நான் காற்றை விற்றுப் பிழைப்பதாக அக்கா கேலி செய்வாள். உண்மையும் ஏறக்குறைய அதுதான். ஓர் இடத்தில் உயரமான கட்டடம் எழுப்பும் முன், அது வந்தால் சுற்றியுள்ள தெருக்களில் காற்று எப்படி ஓடும் என்று சோதித்துச் சொல்வது எங்கள் வேலை. தெருக்களையும் வீடுகளையும் சின்ன மாடலாகச் செய்து, ‘டனல்’ என்று நாங்கள் சொல்லும் நீண்ட கூண்டுக்குள் வைத்து, பெரிய விசிறியால் காற்று விடுவோம். ஒவ்வொரு தெருவின் தரையிலும் ஊசித் துளை. அதிலிருந்து ஒரு மெல்லிய டியூப் வெளியே வந்து சென்சாரில் சேரும். எந்தத் தெருவில் காற்று செத்துக் கிடக்கிறது என்று அது காட்டிக்கொடுத்துவிடும்.

டியூபில் தூசி அடைத்தால் கழற்றி ஊதுவோம். வாயால் ஊதக் கூடாது என்று சுவரில் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். அதற்கு நேர் கீழே நின்றுதான் எல்லோரும் ஊதுவோம்.

அன்றைக்கு டனல் அறையில் நானும் சாரும் மட்டும். சாருக்குப் புயல் என்று பட்டப்பெயர். நாற்காலியிலிருந்து எழுந்து டீ மெஷின் வரை போக அவருக்குப் பத்து நிமிடம் ஆகும். என்னை நிரந்தரமாக்கும் கடிதம் இரண்டு மாதமாக அவர் மேஜையில் கையெழுத்து இல்லாமல் கிடந்தது. ஐந்து மணிக்குக் கட்டடக்காரர்கள் ரிப்போர்ட் வாங்க வருவதாக இருந்தது. எனக்குக் கடைவாய்ப் பல்லில் வலி. காலையிலிருந்து கிராம்பை அடக்கிக்கொண்டிருந்தேன்.

சோதிக்க வேண்டியது இருபத்தாறு மாடிக் கட்டடம் ஒன்று. அதையொட்டிப் பழைய நாலு மாடிக் குடியிருப்பு. நடுவில் இரண்டு பேர் சேர்ந்து நடக்க முடியாத சந்து. மற்ற டியூபெல்லாம் ஒழுங்காகக் காற்றைக் காட்டின. சந்திலிருந்த பதினேழாம் டியூப் மட்டும் பூஜ்யம்.

அந்த ஒரு பூஜ்யத்துக்காக முழுக் கட்டடத்தையும் தள்ளிக் கட்டச் சொல்ல வேண்டிவரும். டியூப் அடைப்பு என்றால் அந்த எண்ணை விட்டுவிடலாம். சாருக்கு அடைப்பாக இருந்தால் தேவலை.

இன்னொன்றும் இருந்தது. எங்கள் மாடல்களில் ஜன்னலை வெட்ட மாட்டோம், கோடுதான் கிழிப்போம். ஆனால் அந்தக் குடியிருப்பில், சந்துப் பக்கம் இருந்த தரைத்தள ஜன்னல் ஒன்று மட்டும் திறந்திருந்தது. நகம் அளவுக்கு. உள்ளே கறுப்பு. காலையிலேயே மாடல் செய்பவரிடம் கேட்டிருந்தேன். எல்லோரும் எறும்பு என்று கூப்பிடும் மனிதர் அவர்.

“நான் வெட்டலப்பா. எனக்கு வேற வேலை இல்லையா?” என்றார்.

3:38. புகை விட்டுப் பார்ப்பதற்காக விளக்கை அணைத்தேன். ஜன்னல் இல்லாத அறை. லேசரின் பச்சை ஒளிக்கோடு மட்டும். புகை தெருத்தெருவாக ஓடியது. சந்தில் போனது அங்கேயே நின்றது.

3:40. விசிறியை நிறுத்தினேன். மற்ற தெருக்களில் புகை கலைந்து போயிற்று. சந்தில் மட்டும் போகவில்லை. அந்த ஜன்னலுக்கு முன்னால் அது லேசாக உப்பியது… அமுங்கியது… உப்பியது.

பதினேழாம் டியூபைக் கழற்றினேன். நுனியைக் கன்னத்தில் வைத்தேன். காற்று வந்தால் தெரியும்.

வெதுவெதுப்பாக இருந்தது.

காதில் வைத்தேன்.

இருமல்.

தூரத்தில். ஒரு பெண் இருமல். பிறகு தட்டும் சத்தம். டக், டக்… டக். இரண்டும் ஒன்றும். சின்ன வயதில் நான் குளியலறையை விட்டு வராவிட்டால் அக்கா இப்படித்தான் கதவைத் தட்டுவாள். அது ஞாபகம் வந்து இருட்டில் சிரித்துக்கொண்டேன். பழக்க தோஷத்தில் கையிலிருந்த ஒரு துண்டுத் தாளில் நேரத்தைக் குறித்தேன். 3:41.

மறுபடி. டக், டக்… டக். 3:43.

இப்போது இன்னொரு மூச்சும் கேட்டது. வேகமான மூச்சு. ரொம்பச் சின்னது.

3:45. டக், டக்… டக்.

முதுகுக்குப் பின்னால் சார்.

“என்னப்பா, அதுல ஃபோன் பேசுறியா?”

“சார்… உள்ள யாரோ…”

“அடைப்பு. ஊது.”

“அடைப்பு இல்ல சார்.”

“உன் லெட்டர்ல இன்னைக்குக் கையெழுத்துப் போடலாம்னு இருக்கேன். ஊது.”

எனக்கும் அந்தச் சத்தம் நின்றால் போதும் என்றிருந்தது.

3:46.

ஊதினேன். முழு மூச்சையும் கூட்டி.

சந்தில் நின்ற புகை நடுங்கியது. சுருண்டது. அத்தனையும்… அந்த ஜன்னலுக்குள் போனது.

டக்.

டக்.

மூன்றாவது வரவில்லை.

விளக்கைப் போட்டேன். ரிப்போர்ட்டில் பதினேழுக்கு நேராக ‘அடைப்பு’ என்று எழுதினேன். சார் கையெழுத்துப் போட்டார். அதிலும், என் கடிதத்திலும்.

கட்டடம் வந்தது. சந்து இருட்டியது. குடியிருப்பில் பாதிப் பேர் காலி செய்துகொண்டு போனார்கள். மூன்று வருடம் கழித்து, அங்கே தரைத்தளத்தில் ஒரு வீடு கிடைத்திருக்கிறது என்று அக்கா ஃபோன் செய்தாள். அவளுக்கு அப்போது கைக்குழந்தை.

“நீதான் காத்துக்காரனாச்சே. சொல்லு, அங்க காத்து வருமாடா?”

வராது என்றால், உனக்கு எப்படித் தெரியும் என்பாள். ‘அடைப்பு’ என்று எழுதியதைச் சொல்ல வேண்டிவரும்.

“வரும்க்கா” என்றேன்.

எட்டே மாதம். படிக்கட்டுக்கு அடியிலிருந்த மீட்டர் பெட்டி வெடித்தது. வாசல் பக்கம் நெருப்பு. சந்து பக்கம் ஜன்னல், அதில் கம்பி.

நான் அன்றும் டனலில் இருந்தேன். உள்ளே ஃபோன் கொண்டுபோகக் கூடாது. வெளியே வந்து பார்த்தபோது அக்காவிடமிருந்து மூன்று மிஸ்டு கால். 3:41. 3:43. 3:45.

அந்த நேரங்களை எங்கே பார்த்தேன் என்று ராத்திரி வீட்டுக்குப் போய்த் தாளை எடுத்த பிறகுதான் தெரிந்தது.

அக்கா பிழைத்துக்கொண்டாள். குழந்தை இல்லை.

பதினோராம் நாள் ஆஸ்பத்திரியில் அவளுக்குக் கொஞ்சம் குரல் வந்தது. கட்டிலோரம் உட்கார்ந்திருந்தேன். அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

“புகை சந்துலதான்டா நின்னுச்சு. உள்ள வரவே இல்ல. ஜன்னல்கிட்ட கொஞ்சம் நல்ல காத்து இருந்துச்சு. அவன் மூஞ்சிய அங்க வெச்சுப் புடிச்சிருந்தேன். கம்பியைத் தட்டிக்கிட்டே இருந்தேன். இன்னும் அஞ்சு நிமிஷத்துல ஃபயர் சர்வீஸ்காரங்க வந்து தூக்கியிருப்பாங்க.”

இருமினாள். டியூபில் கேட்ட அதே இருமல்.

“திடீர்னு ஒரே ஒரு காத்து. அந்தச் சந்துல எப்பவுமே காத்து வராது, நீ சொன்னது பொய். அன்னைக்கு மட்டும் வந்துச்சு. சூடா… யாரோ வாயால ஊதின மாதிரி. மொத்தப் புகையும் உள்ள வந்துடுச்சு.”

என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அதுல கிராம்பு வாசனை அடிச்சுதுடா.”

நான் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.