முகாமில் சொன்ன பெயர்

சுனாமிக்கு மறுநாள், கல்லடி மணலில் வெட்டிய நீளக் குழியின் ஓரத்தில் பாதர் நின்ற கோலம்தான் எப்போதும் முதலில் நினைவுக்கு வரும். அங்கி முழங்கால்வரை சேறு. குழிக்குள் எங்கள் அப்பாவும் ஊரவர்களும் கிடந்தார்கள். கரையோரக் காவலரணிலிருந்து அலை அள்ளி வந்த சில ஆமிக்காரரும் அவர்களோடு கிடந்தார்கள். பாதர் தமிழில் செபித்தார்; பிறகு சிங்களத்திலும் செபித்தார்.

“அவங்களுக்குமா, பாதர்?” என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார்.

“தண்ணி ஆளப் பாத்தா வந்தது?” என்றுவிட்டு அடுத்த குழிக்கு நடந்தார்.

எங்கள் தேவாலயப் பங்கைப் பார்த்துக்கொண்டே இராணுவத்துக்கும் ஆன்ம குருவாக இருந்தவர் அவர். ஞாயிறு காலை எங்கள் பூசை முடிந்ததும் மோட்டார் சைக்கிளில் பாலம் கடந்து வாவிக்கரை முகாமுக்குப் போவார். நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்துச் சிங்களக் கத்தோலிக்கச் சிப்பாய்கள் அங்கே காத்திருப்பார்கள். எங்களில் சிலர் அவரை ஆமியின் ஆள் என்றார்கள். முகாமில் சிலர் புலி என்றார்களாம். ஓரிடத்தில் இருக்க அவருக்கு ஏலாது. தேத்தண்ணீரைக்கூட நடந்துகொண்டுதான் குடிப்பார்.

சுனாமிக்குப் பிறகு தம்பி புலிகள் இயக்கத்துக்குப் போனான். யுத்தம் முடிந்த கையோடு, சரணடைந்தவர்களுடன் அவன் பஸ்ஸில் ஏறியதைக் கண்டதாக ஒரு பெண் வந்து சொன்னாள். அம்மா நேரே பாதரிடம் போனார்.

“உங்களுக்கு அங்க ஆக்களத் தெரியும். என்ட புள்ள உசிரோட இருக்கானா எண்டு மட்டும் கேளுங்க.”

பாதர் கேட்டார். விசாரித்துச் சொல்வதாக முகாம் அதிகாரி ஒருவர் வாக்குக் கொடுத்தார். அந்த ஞாயிறு அங்கே வெற்றிக்கான நன்றித் திருப்பலி. இறந்த சிப்பாய்களின் பெயர்களைச் சொல்லி மன்றாடியபின், பாதர் என் தம்பியின் பெயரையும் உரக்கச் சொல்லி, காணாமல்போன எங்கள் பங்குப் பிள்ளைகளுக்காகச் சிங்களத்தில் மன்றாடினார்.

பின்னேரம் எங்கள் முற்றத்தில் அங்குமிங்கும் நடந்தபடி அவரே இதைச் சொன்னார்.

“அவங்க என்ன சொன்னாங்க?” என்று அம்மா கேட்டார்.

“ஒருத்தரும் வாய் திறக்கல்ல. பின் வாங்கில இருந்த ஒரு ஆமிப் பொடியன் மட்டும் ஆமென் எண்டான். இனி அங்க வரவேணாமெண்டு எனக்குச் சொல்லிப்போட்டாங்க.”

நான் குறுக்கிட்டேன். “நீங்க பேசாம இருந்திருந்தா அந்த அதிகாரி தம்பியப் பத்திச் சொல்லியிருப்பாரே.”

பாதர் நடப்பதை நிறுத்தினார். “ஓம் மகள். சொல்லியிருக்கலாம்.”

அம்மாதான் கேட்டார்: “அந்தப் பொடியன்ட பேரென்ன, பாதர்?”

அவருக்குத் தெரியவில்லை.

பிறகு அவரை வேறு பங்குக்கு மாற்றினார்கள். அங்கிருந்தும் தடுப்பு முகாம் வாசல்களுக்குத் தம்பியின் படத்தோடு அலைந்தார். போன இடமெல்லாம் இல்லை என்றார்கள். அப்படி அலைந்தே மெலிந்து, நோயில் விழுந்து இறந்தார். தம்பியைப் பற்றி இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. பாலத்தைக் கடக்கும்போதெல்லாம் பாதரோடு வாதாடுகிறேன். சில நாள் அவர் செய்தது சரி என்று படுகிறது. வீடு வந்து, தம்பியின் சைக்கிளைக் கண்டதும் அது மாறிவிடுகிறது.

அம்மாவுக்கு இந்த அலைச்சல் இல்லை. மாலைச் செபத்தின் முடிவில் அப்பாவுக்காக, தம்பிக்காக, பாதருக்காக மன்றாடுவார். ஒவ்வொன்றுக்கும் நான் ஆமென் சொல்வேன். கடைசியாக, பேர் தெரியாத அந்தப் பொடியனுக்காக மன்றாடுவார். நேற்றும் அதற்கு நான் வாய் திறக்கவில்லை. அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணை மூடியபடி காத்திருந்தார்.